‘போயிருக்கேன்’: கான் போடுவதா, பீன் போடுவதா?

ஜூன் 3, 2025, காலை 10.15 (மன்னார்குடி வாசகர் கேட்டது)

என் மகள் எட்டாம் வகுப்பு. “நான் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போயிருக்கிறேன்” என்பதை இங்கிலீஷில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை “ஐ ஹேவ் கான் டு தி பிக் டெம்பிள்” என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் ‘கான்’ மேல் ஒரு கோடு, பக்கத்தில் ‘பீன்’, அரை மார்க் போச்சு. கோ, வென்ட், கான் என்றுதானே நாமெல்லாம் மனப்பாடம் பண்ணினோம்? பீன் என்றால் இருப்பது. போனதைக் கேட்டால் இருந்ததை ஏன் சொல்ல வேண்டும்? டீச்சர் தப்பு என்பது என் கட்சி. வெள்ளைக்காரர்களை வண்டியில் வைத்துக்கொண்டு சுற்றியவர் நீங்கள், ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள் அண்ணே.

ஜூன் 3, இரவு 9.40

டீச்சர் சரி. அரை மார்க் போனது போனதுதான்.

இதே தப்பைப் பன்னிரண்டு வருஷம் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கும்பகோணத்தில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் இங்கிலாந்திலிருந்து ஒரு அம்மா, பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கங்கைகொண்டசோழபுரம் பார்க்க வேண்டும் என்றார். அணைக்கரைப் பாலத்தில் எதிரே லாரி வந்து நின்றுவிட்டது. சும்மா இருக்க முடியாமல், “இந்தக் கோயிலுக்கு நீ முன்னாடி போயிருக்கிறாயா?” என்று கேட்டார். நான் பெருமையாக “எஸ் மேடம், ஐ ஹேவ் கான் மெனி டைம்ஸ்” என்றேன். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, “அப்படியென்றால் இப்போது இந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பது யார்?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவே இல்லை. லாரி நகர்ந்து, பாலம் தாண்டி, கோயில் வாசலில் நிறுத்திய பிறகு அவரே சொன்னார். ஒருவர் ‘ஹேஸ் கான்’ என்றால் போன இடத்திலோ வழியிலோ இருக்கிறார், இன்னும் திரும்பவில்லை. ‘ஹேஸ் பீன்’ என்றால் போய்விட்டு வந்தாயிற்று. நான் கோயிலுக்கு ‘கான்’ என்றால் என் உடம்பு கோயிலில் இருக்க வேண்டும். ஸ்டீரிங் பிடித்திருப்பது ஆவியாக இருக்க வேண்டும்.

ஜூன் 3, இரவு 10.05

பன்னிரண்டு வருஷம் என்று எழுதியது தப்பு. வண்டி எடுத்தது 2006. அந்த அம்மா வந்தது 2015. ஒன்பது வருஷம்.

ஜூன் 4, காலை 6.30

மன்னார்குடிக்காரர் விடவில்லை. “சரி, திரும்பி வந்ததற்கு வேறு சொல் வைத்துக்கொள்ளட்டும், அதற்கு ஏன் ‘இரு’?” என்கிறார். நல்ல கேள்வி. ராத்திரி படுத்துக்கொண்டே இதை உருட்டிப் பார்த்தேன்.

நாம் என்ன சொல்கிறோம்? ‘போயிருக்கேன்’. இதைப் பிரித்தால் போய் + இருக்கேன். அதற்குள் போவதும் இருக்கிறது, இருப்பதும் இருக்கிறது. இங்கிலீஷ்காரர் அதை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை ஒரு வேலைக்கும் மறு பாதியை இன்னொரு வேலைக்கும் வைத்துக்கொண்டார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் இன்னும் அங்கேயே இருந்தால் ‘போ’ பாதி, அதாவது கான். ஆள் திரும்பிவிட்டால் ‘இரு’ பாதி, அதாவது பீன். வரலாறு இப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை, ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு வழி. என் வண்டிப் பையன்களுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். பிடித்துக்கொள்கிறார்கள்.

நமக்கு இது ஏன் குழம்புகிறது என்பதும் இதிலேயே தெரியும். “அப்பா சீர்காழி போயிருக்கார்” என்றால் வீட்டில் இல்லை. “அப்பா ரெண்டு தடவை காசிக்குப் போயிருக்கார்” என்றால் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். வினை ஒன்றேதான். அந்த ‘ரெண்டு தடவை’தான் ஆளைத் திருப்பிக் கொண்டுவருகிறது. நமக்கு அது போதும். இங்கிலீஷ் வினையிலேயே கணக்கை முடிக்கிறது.

ஆக ‘நான்’ என்று ஆரம்பித்தால் எப்போதும் பீன். பேசுகிறவன் இங்கேதானே இருக்கிறான்.

ஜூன் 5

பீன் வந்து போனதற்கும் ஆகும், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. “தபால்காரர் வந்துட்டுப் போயிட்டாரா?” என்பதற்கு இங்கிலாந்துக்காரர் கேட்பது “ஹேஸ் தி போஸ்ட்மேன் பீன்?” அவ்வளவுதான். டு கிடையாது, ஊர் கிடையாது. முதல் தடவை கேட்டபோது வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டார் போல என்று மீதிக்காகக் காத்திருந்தேன். அமெரிக்காக்காரர் இப்படிக் கேட்பதில்லை, ‘ஹேஸ் ஹி கம்’ என்று நம்மைப் போலவே கேட்பார்.

ஜூன் 7, மதியம்

‘நான்’ என்றால் எப்போதும் பீன் என்று நாலாம் தேதி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

நேற்று என் வீட்டுக் கதவில் நானே ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனேன்: “கடைக்குப் போயிருக்கேன், சாவி எதிர் வீட்டில்.” திரும்பி வந்து சீட்டைக் கிழிக்கும்போதுதான் உறைத்தது. இதை இங்கிலீஷில் எழுதினால் ‘ஐ ஹேவ் கான் டு தி ஷாப்’தான் சரி. சீட்டைப் படிக்கிறவர் கதவருகே நிற்கிறார், நான் அங்கே இல்லை. சொல்கிறவன் ஒரு இடத்திலும் அவன் சொல் வேறு இடத்திலும் இருக்கும்போது ‘நான்’ கூட கான் ஆகலாம். சீட்டு, வாட்ஸ்அப், எல்லாம் இதில் சேரும்.

இன்னொரு விலக்கும் உண்டு. ஃபிஷிங், ஸ்விம்மிங் மாதிரிச் சொற்களோடு ‘ஐ ஹேவ் கான் ஃபிஷிங் மெனி டைம்ஸ்’ என்று திரும்பி வந்தவரே சொல்வார், தப்பில்லை. சிகாகோவில் இருக்கும் வாசகர் சுட்டிக்காட்டினார். கொள்ளிடத்தில் தூண்டில் போட்டவர்கள் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஜூன் 8, இரவு

கம், கோ பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். “உங்கள் வீட்டுக்கு நாளைக்கு வரேன்” என்பதற்கு ‘ஐ ஆம் கமிங்’ சொல்வதா, ‘ஐ ஆம் கோயிங்’ சொல்வதா? நாம் இங்கிருந்து கிளம்பிப் போகிறோம், ஆகவே கோ என்று ஒருவர் தர்க்கம் பேசுகிறார்.

தர்க்கம் வேண்டாம், தமிழில் எப்படி வாயில் வருகிறதோ அப்படியே போடுங்கள். இந்த விஷயத்தில் தமிழும் இங்கிலீஷும் அண்ணன் தம்பி. கேட்கிறவர் இருக்கும் இடத்துக்கு நகர்ந்தாலும் இரண்டிலும் வருவதுதான். “சாப்பிட வாங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தால் “வரேன்” என்போம். அவர்களும் ‘கமிங்’ என்பார்கள். “நாங்க திருநள்ளாறு போறோம், நீங்களும் வரீங்களா?” இதிலும் முதலில் கோ, பிறகு கம், அச்சு அசலாக அப்படியே.

எங்கள் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடைக்குத் தினம் வரும் தமிழ் ஐயா ஒருவர் இருக்கிறார். இதைச் சொன்னதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே இது இருக்கிறதாம். செல்வது, வருவது, தருவது, கொடுப்பது என்ற நாலு சொல்லையும் எடுத்து, தருவதும் வருவதும் தன்மைக்கும் முன்னிலைக்கும், மற்ற இரண்டும் படர்க்கைக்கு என்று பிரித்து வைத்திருக்கிறது. அதாவது என்னிடமும் உன்னிடமும் ‘வரலாம்’, அவனிடம் ‘செல்ல’ வேண்டும். ‘கம்’ எங்கே போட வேண்டும் என்ற சட்டத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. நான் பார்த்த புத்தகங்கள் மொத்தம் மூன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிரிங், டேக் இரண்டும் இதே கணக்குதான். கொண்டு வா என்றால் பிரிங், கொண்டு போ என்றால் டேக். கூட்டிக்கொண்டு வா, கூட்டிக்கொண்டு போ, அப்படியே. மேலே பேச ஒன்றுமில்லை.

ஜூன் 8, இரவு, சற்றுக் கழித்து

அண்ணன் தம்பி என்று எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. சண்டை போட்டுக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. அங்கே நான் நன்றாக அடி வாங்கியிருக்கிறேன்.

தாராசுரத்தில் ஒரு டச்சுக்காரத் தம்பதியை இறக்கிவிட்டேன். கோயிலைப் பார்க்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும், அதற்குள் நான் டீ குடித்துவிட்டு டயருக்குக் காற்றும் அடித்துவிடலாம். விடைபெறும்போது நாம் என்ன சொல்வோம்? “அப்ப நான் வரேன்.” போறேன் என்று சொன்னால் அம்மா வாயில் அடிப்பாள். அதே பண்பாட்டோடு “ஓகே சார், ஐ ஆம் கமிங்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். அவர்கள் பாவம், நான் கூட வருகிறேன் என்று வாசலிலேயே நின்றிருக்கிறார்கள். சித்திரை மாத வெயில். நாற்பது நிமிஷம் கழித்துத் திரும்பினால் இருவரும் நந்தி மண்டபத்துப் படி ஓரம் முகம் சிவந்து உட்கார்ந்திருக்கிறார்கள். “யூ செட் யூ வேர் கமிங்” என்றார் அந்த ஆள். நான் வந்துதான் இருந்தேன், நாற்பது நிமிஷம் கழித்து. அதை விளக்க அன்று என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

‘ஐ வில் பி பேக்’ என்று சொல்லியிருந்தால் போதும். ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று நம்மில் பலர் சொல்வதும் அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், ஆனால் யாரும் வெயிலில் நிற்க மாட்டார்கள்.

ஜூன் 10

‘ஐ ஹேட் கான்’ நோய் பற்றி.

“நேத்து தஞ்சாவூர் போயிருந்தேன்.” இதை அப்படியே பெயர்த்து ‘எஸ்டர்டே ஐ ஹேட் கான் டு தஞ்சாவூர்’ என்று எழுதாத தமிழனை நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் பி.எச்டி. முடித்த பெண்ணும் இப்படித்தான் எழுதுகிறாள். நமக்குப் ‘போயிருந்தேன்’ என்றால் நடந்ததைச் சற்று விலகி நின்று கதையாக ஆரம்பிக்கிற தொனி. “போயிருந்தேனா, அங்கே யாரைப் பார்த்தேன் தெரியுமா…” என்று இழுக்க வசதி. இங்கிலீஷ் ‘ஹேட் கான்’ அப்படி இல்லை, அதற்கு இன்னொரு சம்பவம் துணைக்கு வேண்டும். “நீங்க போன் பண்ணப்ப நான் தஞ்சாவூர் போயிருந்தேன்” என்றால் ஹேட் கான் சரி, ஏனென்றால் போன் வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். வெறும் நேற்று என்றால் வெறும் ‘வென்ட்’.

நேற்று, போன வாரம், 2015 என்று காலம் குறித்துவிட்டால் ‘ஹேவ் பீன்’னும் கிடையாது. ‘ஐ ஹேவ் பீன் தேர் லாஸ்ட் வீக்’ என்று எழுதினால் மறுபடி சிவப்பு மை. மன்னார்குடிக்காரர் மகளிடம் இதையும் சொல்லி வைக்கவும்.

ஜூன் 12

இன்று மேட்டூர் திறந்தார்கள். தேதி தவறாமல். போன வருஷம் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலைக் கடைசி வரை இழுத்தது. குறுவைக்காரர்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும்.

இங்கே இங்கிலீஷ் பேச வந்தோம், சரி. தண்ணீர் வைத்தே பேசுவோம். மேட்டூரில் விட்டது கல்லணைக்கு வர மூன்று, நாலு நாள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, கடைமடைக்கு எப்போது வரும் என்பது அவரவர் தலையெழுத்து. இந்த ‘வந்து சேர்வது’க்கு இங்கிலீஷில் ரீச், அரைவ் என்று இரண்டு. இரண்டையும் குழப்பி ‘ரீச்டு டு கல்லணை’, ‘அரைவ்டு கல்லணை’ என்று எழுதுகிறோம்.

இதற்கும் தமிழில் கைப்பிடி இருக்கிறது. தண்ணீர் கல்லணையை அடைந்தது, ‘ஐ’ உருபு. தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர்ந்தது, ‘கு’ உருபு. ரீச் என்பது அடை, இடத்தை நேராகப் பிடித்துக்கொள்ளும், நடுவில் எதுவும் வேண்டாம். அரைவ் என்பது வந்து சேர், நடுவில் ஒன்று வேண்டும். அந்த ஒன்று டு இல்லை என்பதுதான் வில்லங்கம். பஸ் ஸ்டாண்டு, அணை, வீட்டு வாசல் என்றால் அட். பெரிய ஊர், நாடு என்றால் இன்.

ஜூன் 12, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் “அப்ப நம்ம எல்லாரும் பஸ் இறங்கினதும் வீட்டுக்கு அனுப்புற ‘ரீச்டு’ தப்பா?” என்கிறார். அடைந்தேன் என்று மொட்டையாகச் சொன்னால் எதை அடைந்தாய் என்று கேட்கத் தோன்றும் இல்லையா, அவர்களுக்கும் அப்படித்தான். ‘காட் ஹியர்’, ‘அரைவ்டு’ என்பார்கள். நம் வீடுகளில் யாரும் அந்த ஒற்றைச் சொல்லைத் திருத்த வேண்டாம். என் மனைவிக்கு அது வராவிட்டால் தூக்கம் வராது.

ஜூன் 13

கோ டு ஹோம் இல்லை, கோ ஹோம். ஏன் என்று கேட்டவருக்கு: “அங்கே போ” என்கிறோம், ‘அங்கேக்குப் போ’ என்கிறோமா? ஹோம், ஹியர், தேர், அப்ராட் எல்லாம் ‘அங்கே’ ஜாதி. உருபு உள்ளேயே இருக்கிறது.

பை வாக் இல்லை, ஆன் ஃபுட். இதில் நாம் சிரிக்க முடியாது. ‘கால்நடையாகப் போனார்’ என்று எழுதிவிட்டு மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கால்நடை மருத்துவமனை என்று போர்டு வைத்திருக்கிறோம்.

ரிட்டர்ன் பேக் வேண்டாம். ரிட்டர்னிலேயே பேக் இருக்கிறது.

ஜூன் 16

கல்லணையும் திறந்தாச்சு. கல்லணை என்றதும் ஞாபகம் வருவது என் அவமானம் ஒன்று.

இறங்குவதற்கு நாம் ‘கெட் டவுன்’ என்கிறோம். ஏணியில், மரத்தில், குதிரையில் இருந்து இறங்கினால் சரிதான். பஸ், ரயில் என்றால் கெட் ஆஃப். கார், ஆட்டோ என்றால் கெட் அவுட். எழுந்து நடக்க இடம் இருக்கும் வண்டிக்கு ஆன், ஆஃப், குனிந்து உள்ளே நுழையும் வண்டிக்கு இன், அவுட் என்று ஒரு கணக்கு. சைக்கிள், பைக்கில் உள்ளே நுழைய முடியாது, மேலே ஏறி உட்கார்கிறோம், ஆகவே ஆன். தமிழில் ஏறு, இறங்கு என்ற இரண்டு சொல் எல்லா வண்டிக்கும் போதும், நாம் சுகவாசிகள்.

சரி, கதை. வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், கல்லணைப் பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டினேன். பின்னால் மினி லாரி ஹாரன் அடிக்கிறான். நான் பதற்றத்தில் திரும்பி “சார், கெட் டவுன், கெட் டவுன்!” என்று கத்தினேன். அந்தப் பெரியவர் சட்டென்று தலையைக் குனிந்து சீட்டுக்கு அடியில் பதுங்கிவிட்டார். சண்டை, துப்பாக்கி நேரத்தில் ‘தலையைத் தாழ்த்து’ என்று கத்தும் சொல் அவர்களுக்கு அது. எழுபது வயது மனிதர், வேஷ்டி வேறு புதிதாகக் கட்டியிருந்தார், அவிழ்ந்து போனது.

அன்றே இன்னொன்றும் நடந்தது. மறுநாள் திட்டம் சொல்லும்போது “மார்னிங் ஐ வில் பிக் யூ, ஈவினிங் ஐ வில் லீவ் யூ அட் திருச்சி” என்றேன். கூட்டிக்கொண்டு போக ‘பிக் யூ அப்’. அந்த அப் இல்லாவிட்டால் ‘காலையில் உங்களைப் பறிக்கிறேன்’. கொண்டு விடுவதற்கு ‘டிராப் யூ’. நான் சொன்னது ‘திருச்சியில் உங்களைக் கைவிட்டுவிடுவேன்’ என்று அவர் காதில் விழுந்திருக்கலாம். பதுங்கி எழுந்த மனிதர் வேறு. மறுநாள் வேறு வண்டி பிடித்துக்கொண்டார். அவர் எடுத்த முடிவில் எனக்கு வருத்தமில்லை.

ஜூன் 17

லீவ் யூ அட் என்று சொல்வது இலக்கணப்படி தப்பில்லை, ‘உங்களை அங்கே விட்டுவிட்டு நான் கிளம்புகிறேன்’ என்று இடம் பார்த்துச் சொல்லலாம் என்று சிகாகோ எழுதியிருக்கிறார். சரி. ஆனால் வேஷ்டி அவிழ்ந்தவரிடம் சொல்லக்கூடாது.

ஜூன் 21

‘ஐ ஹேவ் வென்ட்’ என்று எழுதும் பிள்ளைகளைத் திட்டாதீர்கள். கோ என்ற சொல்லுக்கும் வென்ட்டுக்கும் பிறப்பில் சம்பந்தமே இல்லை. ‘வெண்ட்’ என்று செல்வதற்கு ஒரு பழைய சொல் இருந்தது. செண்ட், சென்ட் என்று வருவது போல வெண்ட், வென்ட். கோவுக்கு இருந்த பழைய இறந்தகாலம் வழக்கொழிந்ததும் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தத்து எடுத்துக்கொண்டார்கள். பிறகு வெண்ட் வீட்டுக்கு இறந்தகாலம் இல்லாமல் போய், வெண்டட் என்று புதிதாக ஒன்று செய்துகொண்டார்கள். தத்துப் பிள்ளை ஹேவ் பக்கத்தில் உட்காராது. அங்கே சொந்தப் பிள்ளை கான்தான்.

டிரைவ், ரைட் கேட்டவருக்கு: கார், பஸ், லாரி டிரைவ். சைக்கிள், பைக், குதிரை ரைட். காலைப் போட்டு உட்கார்ந்தால் ரைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவ் முதலில் மாடு ஓட்டுவதற்கு இருந்த சொல், வண்டிக்கு வந்தது பிறகு. நாமும் மாட்டை ஓட்டினோம், ஏரை ஓட்டினோம், இப்போது காரை ஓட்டுகிறோம். இது எனக்கு ரொம்பப் பிடித்த ஒற்றுமை, காரணம் கேட்காதீர்கள்.

ஜூன் 24

மழை வரப் போகுது. வருவதா போவதா, ஒரு முடிவுக்கு வா என்று வெளியூர்க்காரன் கேட்டால் என்ன சொல்வது? ‘இட் இஸ் கோயிங் டு ரெயின்’ என்று அவர்களும் போவதை வைத்துத்தான் வரப்போவதைச் சொல்கிறார்கள். இங்கேயும் அண்ணன் தம்பி.

ஜூன் 29

“கொள்ளிடத்தில் விடுற உபரித் தண்ணி கடலுக்குப் போயிடுது. அதுக்கு ஹேஸ் கானா, ஹேஸ் பீனா?” என்று ஒருவர் குதர்க்கம் செய்திருக்கிறார். கான். திரும்பாது. ஆவியாகி, மேகமாகி, குடகில் மழையாகி, மறுபடி மேட்டூருக்கு வந்தால் பீன் போடலாமே என்று அடுத்தவர். விடுங்கப்பா.

ஆனால் முறை வைத்து விடும் தண்ணீர் இருக்கிறதே, நாலு நாள் வாய்க்காலில் ஓடும், பிறகு நிற்கும், தூங்கி எழுந்து பார்ப்பதற்குள் வந்துவிட்டுப் போயிருக்கும். அது ஐந்தாம் தேதி எழுதிய தபால்காரர் கேஸ். வந்தாரா என்று கேட்பதற்குள் பீன்.

ஜூலை 6, காலை 5.50

என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைசி. பதினைந்து நாளாக அவள் பேசும் முதல் வாக்கியமே “இன்னும் வரலண்ணே”தான். யார் வரவில்லை என்று நானும் கேட்பதில்லை.

இன்று விடியற்காலை அவள் மகனிடமிருந்து ஒரு படம். வாய்க்காலின் காய்ந்த மண்ணில் சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, பழுப்பாக ஒரு நாக்கு மாதிரி முதல் தண்ணீர். ஓரத்தில் யாருடைய காலோ. கீழே இங்கிலீஷில் ‘வாட்டர் ரீச்டு’ என்று மட்டும். ரீச்டு வாட், எதை அடைந்தது என்று கேட்கக் கை போனது. அழித்துவிட்டு “எவ்வளவு?” என்று கேட்டேன். “கணுக்கால் மாமா” என்று வந்தது.

மன்னார்குடிக்காரருக்கு: அரை மார்க் கேட்டு டீச்சரிடம் போக வேண்டாம்.

ஏழரை மணி பஸ்ஸில் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்புகிறேன், நாலு நாள் இந்தப் பக்கம் வரமாட்டேன். யாராவது தேடினால் ஹேஸ் கான் என்று சொல்லுங்கள். வந்து நானே பீன் ஆக்கிக்கொள்கிறேன்.